சார்ஜாவில் இறங்கி துபாயில் ஏறணும்

டார்ம்ஸ்டாட், ஜெர்மனி
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு மாரிசெல்வி எழுதுறது.

நானும் அவுகளும் சுகம். வயித்துப் பிள்ளையும் சுகம்தான். ஆஸ்பத்திரியில டூட்டிக்குப் போய் நின்னாப் போதும், உதைக்க ஆரம்பிச்சிருது. உங்க முட்டி வலி எப்படி இருக்கு? அம்மா மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடுதா?

நல்ல சேதி. ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாச்சு. அச்செடுத்துக் கையில வச்சுக்கிடணும்னுதான் பிரஸ்ல நீங்க பாக்குற மெயிலுக்கு அனுப்புறேன். மே 18 விடியக்காலை திருச்சியில ஏறுனா சார்ஜாவுல இறங்குறீக. அங்கயிருந்து டாக்சி பிடிச்சு துபாய் ஏர்போர்ட்டுக்கு வரணும். மத்தியானம் மூணு மணிக்கு துபாயில ஏறுனா பிராங்க்பர்ட். நாங்க வாசல்ல நிப்போம்.

ஊரு மாறி ஊரு ஏறணுமேன்னு யோசிக்காதீக. அந்த நாட்டுக்குள்ள போய் வர சின்ன விசா ஒண்ணு போதுமாம். உங்க மாப்பிள்ளை அதைப் பாத்துக்கிடுவாக. ரெண்டு பேர் பாஸ்போர்ட் நகலும், உங்க பழைய பாஸ்போர்ட் நகலும் அனுப்புங்க. மூணு வருசம் சார்ஜாவுல இருந்தவுகளுக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்ல.

பிரசவத்துக்கு அம்மா பக்கத்துல இருக்கும்கிற நினைப்பே எனக்குத் தைரியமா இருக்கு.

உங்க மக,
மாரிசெல்வி


சிவகாசி
22 பிப்ரவரி 2025

அன்பு மக மாரிசெல்விக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கன எல்லாரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்கணும். முட்டி வலி தேவலை. மெஷின்ல எட்டு மணி நேரம் நிக்கிறேன், வலிச்சா நிக்க முடியுமா. உங்கம்மா நல்லா இருக்கா. நம்ம ஊரு தாயில்பட்டியில இப்பவே வெயிலு தாங்கல.

டிக்கெட் பாத்தேன். ஆபீஸ் முத்துக்கிருஷ்ணன் அச்செடுத்துக் கொடுத்தாரு. மாப்பிள்ளை செஞ்சது சரியாத்தான் இருக்கும். ஆனா தாயி, ஒரே விமானத்துல வர்றாப்ல எதுவும் கிடையாதா? உங்கம்மாவுக்குக் காது கேக்காதுங்கிறது உனக்குத் தெரியும். ஒரு ஏர்போர்ட்ல இறங்கி இன்னொரு ஏர்போர்ட்டுக்குப் போறதெல்லாம் அவளுக்குச் சிரமம். நேத்துக்கூட, ‘வழி தெரியாத இடத்துல நான் என்ன செய்வேன்’னு பயந்தா.

இதைப் பத்தி வீடியோ போன்ல பேசாத. நான் வாயை அசைச்சா உங்கம்மா படிச்சிருவா. வீட்டுல இருக்கிற ஒரு போனும் அவ கையிலதான் இருக்கு. இங்க எழுது. சனிக்கிழமைதோறும் நான் பாப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு அப்பா,
சங்கிலிமுத்து


டார்ம்ஸ்டாட்
2 மார்ச் 2025

அன்புள்ள அப்பா,

சுகமா? இங்க இன்னும் குளிரு விடல.

நீங்க வேண்டாம்னு சொன்ன பெறகும் அம்மாகிட்டக் கேட்டுட்டேன். போன்ல எழுதித்தான் கேட்டேன். ‘எனக்கு என்ன பயம், உங்கப்பா கூட வாராகள்ல’ன்னு எழுதி, பக்கத்துல சிரிக்கிற பொம்மை ரெண்டு போட்டு அனுப்பிச்சு. அம்மா பயந்துச்சுன்னு நீங்க எழுதுனது எதுக்குன்னு எனக்குப் புரியல.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது, அப்பா. துபாயில அவுக கூட்டாளி ஒருத்தர் இருக்காரு. சார்ஜா வாசலுக்கே வந்து கார்ல கூட்டிட்டுப் போயிருவாரு. நீங்க செய்ய வேண்டியது பாஸ்போர்ட் நகல் அனுப்புறது மட்டும்தான். பதினஞ்சாம் தேதிக்குள்ள வேணும். அம்மாவுது வந்துருச்சு. உங்களுதைக் காணோம்.

உடம்பைப் பாத்துக்கிடுங்க.

மாரிசெல்வி


சிவகாசி
8 மார்ச் 2025

அன்பு மகளுக்கு,

நாங்க சுகம். உன் சுகத்துக்கு எழுது.

பாஸ்போர்ட் நகல் அடுத்த வாரம் அனுப்புறேன். பழையது என்கிட்ட இல்ல, தொலைஞ்சு போச்சு.

சும்மா தெரிஞ்சுக்கிடுறதுக்குக் கேக்குறேன். சார்ஜாவுல இறங்குனவன் வெளிய வராம, உள்ளுக்குள்ளயே துபாய்க்குப் போக வழி இருக்கா? வெளிய வந்தாத்தான் ஆகும்னா, அந்தக் கவுண்டர்ல என்னென்ன பாப்பாக? கைரேகை எடுப்பாகளா? கண்ணைப் படம் பிடிக்கிறாங்களாமே, அது எல்லாருக்குமா, இல்ல முன்னாடி அங்கன வேலை பாத்தவுகளுக்கு மட்டுமா? எம்புட்டு வருசத்துக்கு அந்தப் படத்தை வச்சிருப்பாக? மாப்பிள்ளையோட கூட்டாளிகிட்ட விசாரி. எனக்குன்னு சொல்ல வேண்டாம்.

இல்லாட்டி ஒண்ணு செய்யலாம். இந்த வருசம் பிரஸ்ல லீவு கிடைக்காது போல. உங்கம்மாவ மட்டும் கூப்பிட்டுக்கோ.

வேற விசேசம் இல்ல.

அப்பா


டார்ம்ஸ்டாட்
16 மார்ச் 2025

அப்பா,

நல்லா இருக்கீகளா?

போன மாசம் அம்மாவுக்கு வழி தெரியாதுன்னீக. இந்த மாசம் அம்மாவ மட்டும் தனியா அனுப்புறேங்கீக. உங்க மாப்பிள்ளை மொகம் வாடிப் போச்சு. ‘என் வீட்டுல வந்து தங்குறது மாமாவுக்குப் பிடிக்கல, அதான் சாக்குச் சொல்றாரு’ன்னு சொன்னாக.

நான் அப்படி நினைக்கல. நான் நர்சு. நெஞ்சு வலிக்கிறவன் நெஞ்சைத் தவிர எல்லாத்தையும் பத்திக் கேப்பான், அதை நான் தினமும் பாக்கேன். கண்ணைப் படம் பிடிக்கிறது எதுக்கு அப்பா உங்களுக்கு?

எதுவா இருந்தாலும் எழுதுங்க. பிள்ளைத்தாச்சிகிட்டச் சொல்லக் கூடாதுன்னு மறைச்சிராதீக. தெரியாம இருக்கிறதுதான் எனக்குப் பயமா இருக்கு.

மாரிசெல்வி


சிவகாசி
29 மார்ச் 2025

மாரிசெல்விக்கு,

போன சனிக்கிழமையும் வந்தேன். கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து, ஒரு எழுத்தும் தட்டாம எந்திரிச்சுப் போயிட்டேன். இன்னைக்கு எழுதிப்புட்டுத்தான் போகணும்னு வந்திருக்கேன்.

நான் சார்ஜாவுல லேபிள் அடிக்கிற பிரஸ்ல இருந்தது உனக்குத் தெரியும். பாஸ்போர்ட்டை வாங்கி மொதலாளி பூட்டி வச்சுக்கிட்டான். ஊருக்கு விடுங்கன்னு கேட்டா கை ஓங்குவான். நான் ஒரு நாள் வெளிய வந்துட்டேன். காகிதம் எதுவும் இல்லாம, பக்கத்துல அஜ்மான்ல வேற பிரஸ்ல ஒரு வருசம் மெஷின் ஓட்டுனேன். 2014-ல பஸ் நிறுத்தத்துல வச்சுப் பிடிச்சாங்க. நாப்பத்தேழு நாள் ஜெயில்ல இருந்தேன். பத்து விரலும் பதிஞ்சாக, ரெண்டு கண்ணையும் பதிஞ்சாக. இனி உசுரோட இருக்க மட்டும் இந்த நாட்டுக்குள்ள காலு வைக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிக்கிட்டு, பாஸ்போர்ட்டுக்குப் பதிலா அவுட்பாஸ்னு ஒரு காகிதம் கொடுத்து விமானத்துல ஏத்தி விட்டாக. அதான் பழைய பாஸ்போர்ட் இல்ல.

ஜெயில்ல வாரத்துக்கு ஒரு தடவை போன் பேச விட்டாங்க. நான் வரிசையில நிப்பேன். என் முறை வாரப்ப திரும்பிப் போயிருவேன். என்ன சொல்லிப் பேசுறதுன்னு தெரியல.

அந்த நாப்பத்தேழு நாள்ல வீட்டுல என்ன நடந்துச்சுன்னு உனக்கே தெரியும். என்கிட்ட இருந்து பணமும் வரல, போனும் வரல. வீட்டுல வெடிக்குக் காகிதக் குழாய் சுத்திக்கிட்டு இருந்த உங்கம்மா, கூலி கூடக் கிடைக்கும்னு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில வெடிமருந்து செலுத்தப் போனா. போன பதினாறாம் நாள் அந்த அறை வெடிச்சுச்சு.

நான் வந்து இறங்கி நேரா ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரெண்டு காதுலயும் கட்டு. என்னைப் பாத்ததும், ‘ஏன் ரெண்டு மாசமா ஒரு வார்த்தையும் இல்ல’ன்னு கேட்டா. ‘ஜெயில்ல இருந்தேன் வேலு’ன்னு சொன்னேன். நிசமாச் சொன்னேன் தாயி. அவளுக்குக் கேக்கல. என்னன்னு மறுபடி கேட்டா. ரெண்டாந்தடவை சொல்ல வாய் வரல. நர்சுகிட்ட ஒரு அட்டையை வாங்கி, ‘கம்பெனியை மூடிட்டாங்க’ன்னு எழுதிக் காமிச்சேன். இன்னைக்கு வரைக்கும் அதுதான்.

இப்ப என் பயம் என்னைப் பத்தி இல்ல. சார்ஜாவுல இறங்குவோம். கவுண்டர்ல கண்ணைக் காட்டச் சொல்லுவான். என்னை ஒரு கதவுக்கு உள்ள கூட்டிட்டுப் போயிருவான். உங்கம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பையை வச்சுக்கிட்டு நிப்பா. யார் கூப்பிட்டாலும் அவளுக்குக் கேக்காது. நம்ம பேச்சுன்னா வாயசைவை வச்சுப் படிப்பா. அரபி வாயும் இங்கிலீஷ் வாயும் அவளுக்குத் தெரியாது. நான் எங்க போனேன்னு அவளுக்கு யார் எழுதிக் காட்டுவா? மெஷின் முன்னால நிக்கிறப்பவும் இதே காட்சிதான் ஓடுது. ரெண்டு நாள் முன்னாடி மை போடாமலே ஆயிரம் தாள் ஓட்டிட்டேன்.

இதை மாப்பிள்ளைகிட்டச் சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

அப்பா


சிவகாசி
12 ஏப்ரல் 2025

அன்பு மக மாரிசெல்விக்கு,

நீ சுகமா? இதை மட்டும் ஒரு வரி எழுது.

ரெண்டு வாரமாச்சு. போன சனிக்கிழமையும் பாத்தேன், இன்னைக்கும் பாத்தேன், பதில் இல்ல. வீட்டுல வீடியோ போன் வந்தா மாப்பிள்ளை மட்டும் வாராரு. ‘செல்வி தூங்குது, டூட்டிக்குப் போயிருக்கு’ன்னு சொல்றாரு. உங்கம்மா நம்புறா. எனக்கு அவரு சிரிப்பு சரியாப் படல.

என் மேல கோவம்னா கோவப்பட்டுக்கோ, அது நியாயம். நான் எழுதுனதைப் படிச்சு உனக்கு ஏதாவது ஆயிருச்சா? பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே? மாரியம்மன் கோயில்ல பங்குனிப் பொங்கலுக்கு உன் பேருக்கு வேண்டிக்கிட்டேன்.

ஒரு வரி போதும் தாயி.

அப்பா


டார்ம்ஸ்டாட்
16 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் நல்லா இருக்கோம். மொதல்ல இதைப் படிங்க, அப்புறம் மத்ததைப் படிங்க.

ரத்த அழுத்தம் கூடி ஒம்போது நாள் ஆஸ்பத்திரியில படுக்க வச்சுட்டாங்க. உங்க கடுதாசி வாரதுக்கு முன்னாடியே கூடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, அதனால உங்களால இல்ல. அம்மா பயந்துரும்னு அவுகளைச் சொல்ல விடல நான். மறைக்கிறது நம்ம வீட்டுல எல்லாருக்கும் வருது போல.

படுக்கையில கெடந்து உங்க கடுதாசியைப் படிச்சேன். அப்ப எனக்குப் பதினஞ்சு வயசு. அம்மா மொத நாள் ஆலை வேனுல ஏறுனப்ப நான்தான் தூக்குவாளியை எடுத்துக் கொடுத்தேன். நீங்க அந்தப் போன் வரிசையில நின்னு ஒரே ஒரு தடவை பேசியிருந்தா அம்மா போயிருக்குமா, போயிருக்காதா? மூணு நாளா இதையே நினைச்சு நினைச்சுப் பாத்தேன். உங்க மேல கோவமா இல்லையான்னு தெரியல. ஆனா கதவுக்கு அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் அம்மா, அந்தக் காட்சி எனக்கும் வந்துருச்சு.

உங்க மாப்பிள்ளைகிட்டச் சொல்லிட்டேன். ‘நான் விலையைப் பாத்தேன், ஊரைப் பாக்கல’ன்னாக. இப்ப வேற டிக்கெட். சென்னையில ஏறுனா நேரா பிராங்க்பர்ட். நடுவுல எங்கயும் இறக்கம் இல்ல. அதே மே 18. அச்செடுத்துப் பாருங்க.

ஒரே ஒரு நிபந்தனை. விமானம் ஏறுறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட நீங்களே சொல்லிரணும். நான் சொல்ல மாட்டேன்.

உங்க மக,
மாரிசெல்வி


சிவகாசி
26 ஏப்ரல் 2025

அன்பு மகளுக்கு,

உன் கடுதாசியைப் படிச்ச பெறகுதான் மூச்சு வந்துச்சு. உப்பைக் குறை. படியேறாத.

ஆனா டிக்கெட் இன்னும் சரியில்ல. புது டிக்கெட்டை அச்செடுத்து, முத்துக்கிருஷ்ணனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எழுத்து எழுத்தாப் படிச்சேன். ஒவ்வொரு ஏர்போர்ட்டுக்கும் மூணெழுத்துப் பேரு இருக்குன்னு அவர்தான் காட்டுனாரு. போறதுக்கு எம்.ஏ.ஏ, எப்.ஆர்.ஏ. சென்னை, பிராங்க்பர்ட், அது சரி. ரெண்டாம் பக்கத்தைத் திருப்புனா ஆகஸ்ட் 9, நாங்க திரும்புற டிக்கெட். எப்.ஆர்.ஏ-யில ஏறி டி.எக்ஸ்.பி-யில இறங்கணும், எஸ்.எச்.ஜே-யில ஏறணும்னு போட்டிருக்கு. அது துபாயும் சார்ஜாவும்தானாம். அங்க வாரதை மட்டும் மாத்திப்புட்டு, ஊருக்குத் திரும்புறதை அப்படியே விட்டுட்டீக. பேத்தியையோ பேரனையோ கொஞ்சிப்புட்டுப் போயி அங்கன மாட்டியிருப்பேன் தாயி.

உங்கம்மாகிட்ட இன்னும் சொல்லல. அவளுக்கு எழுதிக் காட்டுற நோட்டை எடுத்தேன். ‘வேலு’ன்னு எழுதினேன். என்னன்னு எட்டிப் பாத்தா. கீழ ‘தக்காளி வாங்கணுமா’ன்னு எழுதிட்டேன்.

அப்பா


டார்ம்ஸ்டாட்
27 ஏப்ரல் 2025

அப்பா,

தப்பு எங்க மேலதான். இப்ப அதையும் மாத்தியாச்சு. போக எம்.ஏ.ஏ, எப்.ஆர்.ஏ. திரும்ப எப்.ஆர்.ஏ, எம்.ஏ.ஏ. நானும் பாத்தேன், அவுகளும் தனியாப் பாத்தாக. நீங்களும் ஒரு தடவை பாருங்க. நல்லா இருக்கோம்.

தக்காளி போதும் அப்பா. எழுதிருங்க.

மாரிசெல்வி


தாயில்பட்டி
10 மே 2025

மகளுக்கு அம்மா எழுதுறது.

சுகமா இருக்கியா? கால் வீக்கம் வத்திருச்சா? நான் இதைப் போன்ல ஒத்தை விரலாலத் தட்டுறேன். பிழை இருந்தா பொறுத்துக்கோ.

போன ஞாயித்துக்கிழமை உங்கப்பா நோட்டுல நாலு பக்கம் எழுதி என் மடியில வச்சுட்டு, தண்ணிக் குழாய்கிட்டப் போயி நின்னுக்கிட்டாக. நான் படிச்சேன். ரெண்டாந்தடவையும் படிச்சேன். அப்புறம் எந்திரிச்சுப் போயி உலையை வச்சேன்.

மூணு நாள் நான் அவுக மொகத்தைப் பாக்கல. நான் பாக்காட்டி அவுகளால என்கிட்டப் பேச முடியாதுல்ல. முன்னால வந்து வந்து நின்னாக. நான் சோத்துத் தட்டை மட்டும் பாத்தேன். எனக்கு அம்புட்டுக் கோவம். ஜெயிலுக்குப் போனதுக்கு இல்ல. எவனோ பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வச்சா மனுசன் என்ன செய்வான். வரிசையில நின்னுட்டுத் திரும்பிப் போனாகளே, அதுக்கு.

உனக்கு ஒண்ணு சொல்லுறேன், அவுககிட்டச் சொல்லாத. அந்த ரெண்டு மாசம் போன் வராததுக்கு நான் வேற காரணம் நினைச்சு வச்சிருந்தேன். அங்கன இன்னொரு குடும்பம் வச்சிருப்பாகன்னு. கேட்டா நிசமாயிருமோன்னு பயந்து பதினோரு வருசமாக் கேக்கல. தூங்குறப்ப அவுக மொகத்தைப் பாத்து, எந்த ஊருக்காரியோன்னு யோசிச்சுக்கிட்டே படுப்பேன். நாலு பக்கத்தையும் படிச்சு முடிச்சப்ப கோவத்தோட ஒரு சிரிப்பும் வந்துச்சு. சிரிச்சா விட்டுக் கொடுத்ததா ஆயிரும்னுதான் அடுப்படிக்குப் போனேன்.

மருந்து அறைக்கு அவுக என்னை அனுப்பல. நான்தான் போனேன். நாலாம் நாள் மொகத்தைப் பாத்து அதைச் சொன்னேன். அவுக ஏதோ சொன்னாக. அழுதுக்கிட்டே பேசுனா எனக்கு வாய் படிக்க வராது. சரி போகட்டும்னு விட்டுட்டேன்.

ரெண்டு பேருமாத்தான் வருவோம். உனக்கு அதிரசம் சுட்டு எடுத்துட்டு வாரேன்.

அம்மா
வேலுத்தாய்


சென்னை ஏர்போர்ட்
18 மே 2025

அன்பு மக மாரிசெல்விக்கு,

உள்ள வந்து உக்காந்துட்டோம். உங்கம்மா போனை வாங்கி இதைத் தட்டுறேன். நீ சுகமா இருப்பேன்னு நம்புறேன்.

பாஸ்போர்ட் கவுண்டர்ல நடந்ததை இப்பவே எழுதிரணும். வரிசையில நிக்கிறப்பவே எனக்கு வேர்த்து ஊத்துச்சு. இது நம்ம நாடுதான், நேரா பிராங்க்பர்ட்தான்னு பத்து தடவை சொல்லிக்கிட்டேன். கேக்குமா மனசு? உங்கம்மா என் சட்டையைப் பின்னால பிடிச்சுக்கிட்டு நின்னா. எங்க முறை வந்துச்சு. அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. ‘இதுக்கு முன்னாடி வெளிநாடு போயிருக்கீங்களா?’ன்னு கேட்டாரு.

நான் கையில இருந்த டிக்கெட்டை நீட்டுனேன். மறுபடி கேட்டாரு. ஆமான்னும் வரல, இல்லைன்னும் வரல. பக்கத்துக் கவுண்டர்ல இருந்த ஆளும் திரும்பிப் பாத்தாரு.

உங்கம்மா கண்ணாடி வழியா அவரு வாயைப் படிச்சுக்கிட்டு இருந்திருக்கா. அவ சத்தம்தான் உனக்குத் தெரியுமே. தனக்குக் கேக்காததால ஊருக்கே கேக்குறாப்ல பேசுவா. ‘போயிருக்காக சார்! சார்ஜாவுல அச்சு மெஷின் ஓட்டுனாக! நாப்பத்தேழு நாள் ஜெயில்லயும் இருந்தாக! திருடல, யாரையும் அடிக்கல. பாஸ்போர்ட்டைப் பூட்டி வச்ச மொதலாளிகிட்ட இருந்து ஓடி வந்தாக! இப்ப மக பிரசவத்துக்குப் போறோம்!’

மொத்த வரிசையும் எங்களைப் பாத்துச்சு. பதினோரு வருசமா எவன் காதுலயும் விழக் கூடாதுன்னு நான் வச்சிருந்தது அம்புட்டும் அந்த மண்டபம் பூரா கேட்டுச்சு.

அதிகாரி, ‘மெதுவாப் பேசுங்கம்மா’ன்னாரு. அப்பத்தான் எனக்கு வாய் வந்துச்சு. ‘அவளுக்குக் காது கேக்காது சார். அவ சொன்னது எல்லாம் நிசம்’னு சொன்னேன்.

அவரு கொஞ்ச நேரம் திரையைப் பாத்தாரு. அப்புறம் முத்திரையை எடுத்து ரெண்டு பாஸ்போர்ட்லயும் குத்துனாரு. ‘ஆணோ பொண்ணோ எது பொறந்தாலும் சந்தோசம்தான்யா, போங்க’ன்னாரு.

இந்தப் பக்கம் வந்ததும் உங்கம்மா, ‘அவரு கடைசியா என்ன சொன்னாரு, குனிஞ்சுக்கிட்டாரு, நான் பாக்கல’ன்னு கேட்டா. நோட்டை எடுக்கல. அவ மொகத்துக்கு நேரா நின்னு வாயைத் திறந்து சொன்னேன்.

இப்பக் கூப்பிடுறாங்க. அவ ஜன்னலுக்கு வெளிய விமானத்தையே பாத்துக்கிட்டு இருக்கா. தோளைத் தொட்டேன். பையை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுட்டா.

அப்பா